மூன்றாவது அவர்

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உன் அண்ணியும் சௌக்கியம், முழங்காலைத் தவிர. நீயும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்? காலேஜுக்குப் போகிறவளைக் குழந்தை என்கிறேன் என்று அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தீர்ப்பை வானொலியில் கேட்டிருப்பாய். எல்லாமே நிரூபணம். நம்முடைய பஸ் டிப்போ வழக்கும் அதில் ஒன்று. டிப்போவில் வேலைநிறுத்தம் செய்தவர்களைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி உத்தரவிட்டது அப்போது ஆட்சியில் இருந்த அந்த ஆள்தான் என்று நீதிபதி வாய்விட்டுப் படித்தாராம். மாப்பிள்ளையின் பெயரையும் படித்தாராம். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்திலா துக்கத்திலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மாலையில் பத்திரிகை ஆசிரியர் எங்கள் புரூப் அறைக்கே வந்தார். கூரை ஒழுகியபோதுகூட எட்டிப் பார்க்காத மனிதர். "இனிமே அந்த ஆளுக்கு ர் வேண்டாம், ன் போடுங்க" என்றார். எங்கள் பத்திரிகை வழக்கம் உனக்குத் தெரியுமே. யாராக இருந்தாலும் குற்றம் நிரூபணமாகும் வரை 'வந்தார், சொன்னார்'. நிரூபணமான மறுநாளிலிருந்து 'வந்தான், சொன்னான்'. பிக்பாக்கெட்டுக்கு இருபது தடவை செய்திருக்கிறேன். இந்த ஆளுக்குச் செய்வேன் என்று நினைக்கவில்லை. இந்த ஆளின் 'மாண்புமிகு'வில் ஒரு கால் விட்டுப்போய் 'மண்புமிகு' என்று அச்சானதற்காக அந்தக் காலத்தில் ஒரு கம்போசிட்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நேற்று நான் சிவப்பு மையால் ஒவ்வொரு ர்-ஐயும் அடித்து ன் போட்டேன். ருசித்துச் செய்தேன்.

தண்டனை என்ன என்பதைத் தனியாக விசாரிப்பார்களாம். குடும்பங்களையும் கேட்பார்களாம். உடம்பைப் பார்த்துக்கொள். நைட் டியூட்டி முடிந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே.

அண்ணன்

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். நாங்கள் இருவரும் நலம். அண்ணியை மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். வீக்கம் இருந்தால் வெந்நீர் ஒத்தடம் போதாது, டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

தீர்ப்பை வார்டில் கேட்டேன். ஒரு நோயாளியின் டிரான்சிஸ்டர். பாதிப் பேர் கை தட்டினார்கள், பாதிப் பேர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். நான் ஒருவருக்கு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஊசியை எடுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. உங்கள் மாப்பிள்ளை பெயர் வந்தது. யாரோ வேறு ஒருவருடைய பெயர் மாதிரி இருந்தது. நாம்தான் அவரை அப்படிக் கூப்பிடுவதே இல்லையே, வீட்டில் அவர் என்றால் அவர்.

உங்கள் ர், ன் கதையைத் தலைமை நர்ஸிடம் சொன்னேன். சிரித்தார். எங்கள் வழக்கம் வேறு. பெண்டாட்டி மண்டையை உடைத்துவிட்டுத் தானும் விழுந்து அடிபட்டு வருகிறவனைக்கூட நாங்கள் 'பத்தாம் நம்பர் கஞ்சி குடித்தார், தூங்கினார்' என்றுதான் ரிப்போர்ட் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அது வாயிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அவருடைய வக்கீல் ஏதோ சொல்லியிருப்பதாக இங்கே பேச்சு. தூக்கு இல்லை என்றால், பிடித்துக்கொண்டு போனவர்களை எங்கே புதைத்தார்கள் என்று சொல்லிவிடுவாராம். இது நிஜமா, இல்லை கிளப்பிவிட்டதா? உங்கள் ஆபீசில் தெரிந்திருக்கும். எங்கள் ஊர் கோர்ட்டில் குடும்பத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார்கள். என்னை மார்ச் கடைசியில் வரச் சொல்லி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை

*

பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு ஆசிகள். அண்ணியின் காலை டாக்டர் பார்த்துவிட்டார். உன்னிடம் படித்த மாதிரி நீ சொன்னதையே சொன்னார். உங்கள் இருவர் உடம்பும் தேவலையா?

வக்கீல் சொன்னது நிஜம்தான். அதைப் படித்து எனக்கு ரத்தம் கொதித்தது. செத்தவர்களை வைத்துப் பேரம் பேசுகிறான் பார். கத்தரிக்காய் வியாபாரமா இது? 'கிழட்டு உடம்பு, சர்க்கரை, கண் தெரியவில்லை, வீட்டுக் காவல் போதும்' என்று ஒரு கூட்டம் கையெழுத்து வாங்குகிறது. 'ஆயுள் கொடு, வாயைத் திறக்கட்டும்' என்று இன்னொரு கூட்டம். எனக்கு முடி வெட்டுகிறவர் இந்த இரண்டாவது கட்சி. கத்தரியைக் காதோரம் வைத்துக்கொண்டே வாதாடுகிறார், நான் பதில் சொல்ல முடியுமா? ஆபீசில் பக்கத்து மேசைக்காரரும் நானும் ஒரு வாரமாகப் பேசிக்கொள்வதில்லை. "தூக்கில் போட்டா நாமளும் அந்த ஆள் மாதிரிதானே ஆயிடுவோம்" என்றார். "உங்க வீட்டுல யாரையும் தூக்கிட்டுப் போகலை சார்" என்று மட்டும் சொன்னேன்.

கோர்ட்டில் தடுமாறிவிடுவாய் என்று தெரியும். அதனால் நீ சொல்ல வேண்டியதை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அரைப் பக்கம்தான். அப்படியே படித்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் 'தூக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடு. மாப்பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியது இது ஒன்றுதான். இத்தனை வருஷம் இந்த ஒரு நாளுக்காகத்தான் நான் அந்த அறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தோன்றுகிறது.

உன் கடிதத்தில் 'அவருடைய வக்கீல்' என்று எழுதியிருக்கிறாய். ஒரு நிமிஷம் மாப்பிள்ளைக்கு ஏது வக்கீல் என்று குழம்பிவிட்டேன். அந்த ஆளுக்கு 'அவர்' எதற்கு? வார்டுப் பழக்கத்தை வார்டோடு வைத்துக்கொள்.

குழந்தையை நன்றாகப் படிக்கச் சொல்.

அண்ணன்

*

மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு. பதில் எழுதத் தாமதம். வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர், அப்படி ஒரு காய்ச்சல் சீசன். எனக்கு ஒன்றுமில்லை. அண்ணி நடக்கிறார்களா?

நீங்கள் எழுதி அனுப்பியது வந்தது. ஒற்றுப்பிழைகூட இல்லை.

போன வாரம் டிப்போக் குடும்பங்கள் எல்லாரும் ஒரு வீட்டில் கூடினோம். தையல்காரம்மா வந்திருந்தாள். அவள் மகனைப் பிடித்தபோது அவனுக்குக் கண்டக்டர் வேலை கிடைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. "இடத்தைச் சொல்றானாம் இடத்தை. எனக்கு இடம் வேண்டாம், அந்தக் கழுத்து வேணும்" என்றாள். இன்னொருவர், எலும்பாவது கிடைக்கட்டுமே என்றார். சண்டை வந்துவிட்டது. என்னைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே?" என்றார்கள். டியூட்டிக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் மருமகள் ஒன்று கேட்டாள். காலேஜில் யாரோ அவளிடம் அப்பா இருக்கிறாரா என்று கேட்டார்களாம். "இல்லைன்னு சொன்னா எப்போன்னு கேக்கறாங்க. எங்கேன்னு கேக்கறாங்க. நான் என்னம்மா சொல்லட்டும்?" அவரைக் கொண்டுபோனபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். எனக்காவது ஒரு முகம் இருக்கிறது. அவளுக்குப் போய் நிற்க ஓர் இடமாவது இருந்தால், இதுதான் என்று காட்டிவிடலாம். அதற்குமேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

அடுத்த வாரம் கோர்ட். வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கை

*

ஏப்ரல் 4

அன்புத் தங்கைக்கு. எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. அப்படிப் பேசியிருக்கிறாய்.

இத்துடன் முதல் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். கட்டம் கட்டிப் போட்டிருக்கிறோம். உங்கள் ஊர் நிருபர் போனில் சொன்னதை எழுதி எடுத்து, ராத்திரி எட்டு மணி சுமாருக்கு என் மேசைக்குத்தான் வந்தது. பேர் போடவில்லை, 'டிப்போ டிரைவரின் மனைவி, நர்ஸ்' என்று மட்டும். படித்ததும் தெரிந்துகொண்டேன்.

நான் எழுதிக் கொடுத்ததை நீ படிக்கவில்லை. அதனால் என்ன, அதைவிட இது நூறு மடங்கு. நிருபர் சொன்னபடி உன் வாக்குமூலம் இது: "அவர் எங்கே இருக்காருன்னு அவருக்குத்தான் தெரியும். அவர் உயிரோட இருக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்." மூன்று 'அவர்'. பக்கத்து மேசைக்காரர் யார் எந்த அவர் என்று விழித்தார். எனக்கா தெரியாது? முதல் அவர் மாப்பிள்ளை. இரண்டாவது அந்த ஆள், பழக்கதோஷத்தில் நீ ர் போட்டுவிட்டாய். அதை மட்டும் வழக்கப்படி 'அவனுக்குத்தான்' என்று திருத்தினேன். மூன்றாவது மறுபடி மாப்பிள்ளை. அதைத் தொடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

தலைப்பு ஆசிரியரே போட்டார்: 'கணவர் உயிரோடு வருவார்: இன்னும் காத்திருக்கும் நர்ஸ்'. மறுநாள் காலை எனக்குக் கை கொடுத்தார். கடிதங்கள் மூட்டையாக வருகின்றன. ஆயுள் போதும் என்று பேசிக்கொண்டிருந்த முடிவெட்டுகிறவர், "அந்தம்மாவைப் படிச்சப்புறம் எனக்குத் தூக்குதான் சரின்னு படுது சார்" என்றார். என் தங்கை என்று சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல நாக்கு துடித்தது.

மனதைத் தேற்றிக்கொள் அம்மா. அண்ணி அழுதாள்.

அண்ணன்

*

ஏப்ரல் 12

அண்ணாவுக்கு. நான் சுகமாக இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். அண்ணி சுகமாக இருக்கட்டும்.

மூன்றாவது அவர் உங்கள் மாப்பிள்ளை இல்லை.

உங்கள் மாப்பிள்ளை செத்துப்போய்விட்டார் என்று எனக்குத் தெரியாதா அண்ணா? நான் நர்ஸ். பிடித்துக்கொண்டு போன அன்று சட்டை முழுக்க ரத்தம் என்று டிப்போ வாட்ச்மேன் சொன்னபோதே எவ்வளவு ரத்தம் என்று கேட்டவள் நான். உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் கேட்டது நீங்கள் ன் போட்ட பெரிய மனிதரை. அவர் செத்துவிட்டால் இடம் அவரோடு போய்விடும். அதைத்தான் சொன்னேன். நீதிபதி புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். சுருக்கெழுத்துக்காரரும் மூன்றையும் அப்படியே எழுதினார். நீங்கள் ஒன்றை மாற்றினீர்கள், பாக்கி இரண்டும் ஒரே ஆளுக்குப் போய்விட்டன. எல்லாமே ர் ஆக இருந்திருந்தால் படிக்கிறவன் கொஞ்சம் யோசித்திருப்பான்.

உங்கள் பேப்பர் வந்த அன்று தலைமை நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "கொஞ்ச நாள் வார்டு வேண்டாம்மா. மருந்து கலக்கற வேலை, மனசு நிதானமா இருக்கணும் பாரு" என்றார். இப்போது வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசுகிறார்கள். உங்கள் மருமகளை, "அப்பா வந்துடுவார்னு அம்மா நம்பறாங்களாமே" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் இரண்டு நாளாகக் காலேஜுக்குப் போகவில்லை.

தண்டனை அறிவிக்கும் முன்னால் திருத்தம் போடச் சொல்லுங்கள். நான் உங்களிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

தங்கை

*

ஏப்ரல் 21

அன்புத் தங்கைக்கு. உன் கடிதம் கிடைத்து மூன்று தடவை படித்தேன். இங்கே எனக்கும் தூக்கம் இல்லை.

நீ முன்பே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? வக்கீல் சொன்னது நிஜமா என்று கேட்டாய், நான் பதில் எழுதினேன், அப்புறம் ஒரு மாதம் பேச்சில்லை. அந்த ஆளை உயிரோடு விடச் சொல்லி என் தங்கை கேட்பாள் என்று நான் கனவிலாவது நினைப்பேனா? உன் கடிதத்தில் எப்போதும் அவர் என்றால் மாப்பிள்ளைதானே. இருபது வருஷமாக அப்படிப் படித்த கண் எனக்கு. தப்பு என் பக்கம் இல்லை என்று சொல்லவில்லை. எல்லாமே என் பக்கம் என்றும் சொல்லாதே.

ஆசிரியர் வெளியூர் போயிருக்கிறார். வந்ததும் பேசுகிறேன். திருத்தம் போடுவது லேசான காரியம் இல்லை, முதல் பக்கக் கட்டம் அது. கொஞ்சம் பொறு.

அண்ணிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், பரவாயில்லை. குழந்தையைக் காலேஜுக்கு அனுப்பு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

அண்ணன்

*

ஜூன் 6

அண்ணாவுக்கு. நலம். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

தூக்கு என்று தீர்ப்பு வந்தது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் வேண்டாம் என்றாராம். இடம் வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் சேர்ந்து கருணை வாரியத்துக்கு மனு கொடுத்தோம். ஆயுளாக்குங்கள், அவரைப் பேசவிடுங்கள் என்று. அவருடைய வக்கீலும் வந்தார். இடங்களைச் சொல்ல இன்னும் தயாராகத்தான் இருக்கிறாராம், ஆனால் கயிற்றைக் காட்டிக்கொண்டு கேட்டால் சொல்ல மாட்டாராம். கெட்ட பிடிவாதம்தான். அந்தப் பிடிவாதத்தைக் கெஞ்சுகிற நிலைமைக்கு நான் வந்துவிட்டேன்.

நேற்று வானொலியில் அரசு வக்கீல் பேசினதைக் கேட்டீர்களா? மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒரு பெண்மணி, கணவர் இறந்ததையே இன்னும் ஏற்றுக்கொள்ளாதவர். பத்திரிகையில் எல்லாரும் படித்திருக்கிறோம். அவர் கையெழுத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது, ஒரு பெண்ணை இந்தக் கதிக்கு ஆளாக்கியவனுக்குக் கருணை கேட்பது எவ்வளவு குரூரம் என்றார். சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

திருத்தம் வந்திருக்கிறதா என்று தினமும் உங்கள் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை ஒன்று வந்திருந்தது. குறுக்கெழுத்துப் போட்டியில் ஏழாவது விடை தப்பாம்.

தங்கை

*

ஜூன் 30

அன்புத் தங்கைக்கு. நாங்கள் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

திருத்தம் 28ஆம் தேதி, ஏழாம் பக்கத்தில் வந்துவிட்டது. துண்டு இத்துடன். கருணை வாரியம் 26ஆம் தேதியே மனுவைத் தள்ளிவிட்டது, அதைப் பார்த்திருப்பாய். நான் என்ன செய்ய?

திருத்தத்தின் வாசகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எழுதிக் கொடுத்தது வேறு. மேலே போய் வந்தபோது வழக்கப்படி ஆக்கிவிட்டார்கள். "ஏப்ரல் 1 இதழில் 'அவர் உயிரோடு இருக்க வேண்டும்' என வெளியானதை 'அவன் உயிரோடு இருக்க வேண்டும்' எனத் திருத்தி வாசிக்கவும்." அவ்வளவுதான். யார், என்ன என்று எதுவும் இல்லை. நீ அவன் என்று சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னேன். "தண்டனைக் கைதிக்கு ர் போடச் சொல்றீங்களா?" என்று கேட்டார்கள்.

ஒரு வரி எழுது.

அண்ணன்

*

ஆகஸ்ட் 11

அன்புத் தங்கைக்கு. போன கடிதத்துக்கும் அதற்கு அப்புறம் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

முடிந்துவிட்டது. தூக்கு நடந்த அன்று காலை தெருவில் கூட்டம் வரும் என்று போலீஸ் நிறுத்தியிருந்தார்கள். வரவில்லை. பால்காரர் வந்தார், பள்ளிக்கூட வேன் வந்தது. முடிவெட்டுகிற கடையில் சினிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதமாகக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினவர்கள்தான் அவர்கள், நானும்தான். எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை அம்மா. வெறுமையாக இருக்கிறது. அந்த ஆள் சாகும் வரை இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

ஆபீசில் 'தூக்கிலிடப்பட்டார்' என்று போடுவதா, 'தூக்கிலிடப்பட்டான்' என்று போடுவதா என்று ஒரு மணி நேரம் விவாதம். செத்தவனுக்கு மரியாதை உண்டு என்றார் ஒருவர். கடைசியில் 'தூக்கு நிறைவேற்றம்' என்று தலைப்புப் போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பக்கத்து மேசைக்காரர் தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

எனக்கு லீவு பாக்கி இருக்கிறது. அங்கே வரட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாவது எழுது.

அண்ணன்

*

அக்டோபர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு. நாங்கள் சுகம். என்னை மறுபடி வார்டில் போட்டுவிட்டார்கள், ஆள் பற்றாக்குறை. அண்ணியின் காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேய்க்க வேண்டாம்.

கோபத்தில் எழுதாமல் இருந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான். நீங்கள் ஜூன் மாதம் வரை ஆசிரியரிடம் கேட்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால், எப்படிக் கேட்டேன், அவர் என்ன சொன்னார் என்று பத்து வரி எழுதியிருப்பீர்கள். உங்கள் கடிதங்களைப் படித்து வளர்ந்தவள் நான். அவர் கை கொடுத்தாரே, அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று உங்களுக்குத் தெரியவில்லை. நானும்தான் மார்ச் மாதம் என் மனதில் இருந்ததை உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் திட்டுவீர்கள் என்று பயந்தேன். திட்டு வாங்கியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் ஊருக்கு வெளியே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போகிறோம். பழைய செங்கல் சூளை இருக்கிறது. அந்தக் காலத்தில் ராத்திரி லாரி போகும் சத்தம் கேட்டதாக யாரோ சொன்னார்கள். அதை நம்பி ஒரு மூலையில் ஆரம்பித்தோம். அப்புறம், சூளை இல்லை, கல்குவாரி என்றார் இன்னொருவர். இரண்டுமே பெரிய இடங்கள். மழை பெய்தால் தோண்டியது மூடிக்கொள்கிறது. இதுவரை ஒரு மாட்டு எலும்பும் நிறைய உடைந்த செங்கல்லும் கிடைத்தன. எலும்பைப் பார்த்ததும் எல்லாரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மாடு என்று சொன்னதும் சிலர் உட்கார்ந்துவிட்டார்கள்.

தையல்காரம்மாவும் வருகிறாள். முதல் நாள் அவளைப் பார்த்ததும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவளேதான் சொன்னாள். "கழுத்து கிடைச்சுடுச்சு. பையன் கிடைக்கலையே." பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள். உங்கள் மருமகள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

நீங்கள் தாராளமாக வரலாம் அண்ணா. பழைய சட்டையாகக் கொண்டு வாருங்கள், செம்மண் போகாது. மண்வெட்டி இங்கே இருக்கிறது. எங்கே தோண்டுவது என்று மட்டும் வந்து கேட்காதீர்கள். அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

தங்கை